குறட்டை என்று விட்டுவிடாதீர்கள்



சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாய்ப் போகிறவன் நான். சம்பளத் தகராறு, ஒழுகும் கூரை, எம்.சி. சீட்டு என்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு அம்மா ஓரமாய்க் கூப்பிடுவார். "தம்பி, பையன் ராத்திரியெல்லாம் இருமுறான். பனியா இருக்கும்." பனியல்ல என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கஞ்சா வெறும் இலைதானே என்று பிள்ளைகள் வாதாடுகிறார்கள். எரித்தால் எந்த இலையும் புகைதான், தார்தான். சிகரெட்டை இழுத்ததும் ஊதிவிடுகிறான். கஞ்சாவை ஆழ இழுத்து நெஞ்சுக்குள் அடக்கி வைக்கிறான். அதனால் நுரையீரலில் தங்கும் தார் சிகரெட்டைவிட அதிகம். மூச்சுக்குழாய் புண்பட்டு இருமல், சளி, இழுப்பு என்று தொடரும். விட்டுவிட்டால் பெரும்பாலும் இருமல் குறையும். திட்டுவதை நிறுத்திவிட்டு இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஹெராயின் கதை வேறு. ஈயத்தாளில் சுட்டுப் புகையாய் இழுத்தாலும், ஊசியில் ஏற்றினாலும், மூச்சை நடத்துகிற மூளையின் பகுதியையே அது மந்தமாக்கும். கூடவே சம்சுவும் குடித்தால் கேட்கவே வேண்டாம். மூச்சு குறையும், உதடு நீலம் பாயும், தொண்டையில் கொர்கொர் சத்தம் வரும்.

சில வருஷத்துக்கு முன் ஒரு லயத்தில் அந்தச் சத்தத்தைத்தான், "குறட்டை விட்டுத் தூங்குறான், எழுப்பாதீங்க" என்றார்கள். விடியற்காலையில் பெரட்டுக்கு எழுப்பப் போன அப்பாதான் பார்த்தார். அந்தச் சாவு வீட்டில் நானும் உட்கார்ந்திருந்தேன். பையன் என்ன பழகினான் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. போலீஸ் பயம், ஊர்ப்பேச்சு. யாரும் வாய் திறக்கவில்லை.

அப்படிச் சத்தம் கேட்டால் தட்டி எழுப்புங்கள். எழவில்லையா, உடனே 999க்கு அடியுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோரோ தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் இறங்கிவிடும். என்ன எடுத்தான் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஹெராயினை முறிக்க நலோக்சோன் என்ற மருந்து இருக்கிறது. நேரத்தோடு கொடுத்தால்தான் உயிர் மிஞ்சும்.

விடவேண்டும் என்கிறவனுக்கு 2005 முதல் நம் நாட்டில் அரசாங்கமே மெத்தடோன் சிகிச்சை தருகிறது. ஆரம்பத்தில் தினமும் கிளினிக்குப் போய்க் குடிக்க வேண்டும். பால் வெட்டுகிறவன் வெட்டு முடித்து, பாலைக் கொடுத்துவிட்டு எந்நேரம் டவுனுக்குப் போவது? அரைநாள் சம்பளம் போகுமே என்றுதான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். காய்ச்சலுக்கு எம்.சி. உண்டு, இதற்கு மட்டும் ஏன் கிடையாது? கிளைக் கூட்டத்தில் சம்பளத்தோடு சேர்த்து இதையும் எழுப்புங்கள். நிர்வாகத்திடம் பேச நான் கூட வருகிறேன்.