காய்கறியைக் கழித்துவிட்டு ஒரு கணக்கு

உணவு விலையை ஒதுக்கிவிட்டே வட்டி விகிதத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்றொரு வாதம் அவ்வப்போது தலைதூக்குகிறது. 2024 ஜூலையில் வெளியான மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை இதைப் பரிசீலிக்கச் சொன்னது. அவ்வாண்டு நவம்பரில் வணிக அமைச்சர் பியூஷ் கோயலும் இதே கருத்தை முன்வைத்தார்.

பங்குச்சந்தை ஆர்வலர்களுக்கு இது இனிப்பதன் காரணம் விளங்காததல்ல. 2024 செப்டம்பரில் 26,277 புள்ளிகளைத் தொட்ட நிஃப்டி பிறகு சரிந்தது. ஜூலை–செப்டம்பர் காலாண்டின் வளர்ச்சி வெறும் 5.4 விழுக்காடு என்றது முதல் மதிப்பீடு. அக்டோபரின் சில்லறைப் பணவீக்கமோ 6.21 விழுக்காடு, காய்கறி விலை ஓராண்டில் 42 விழுக்காடு ஏறியிருந்தது. ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.5 விழுக்காட்டிலேயே நிறுத்தியிருந்தது. வட்டி குறைந்தால் வருங்கால லாபத்தின் இன்றைய மதிப்பு கூடும். ஏறிக் கிடக்கும் பங்கு விலையும் நியாயமாகத் தோன்றும். குறுக்கே நிற்பவை தக்காளியும் வெங்காயமும். ஆகவே அவற்றைக் கழித்துவிடு என்கிறார்கள்!

வட்டியை உயர்த்துவதால் மழை பெய்யாது, தக்காளி காய்க்காது என்ற அவர்களுடைய நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் பங்கின் மதிப்பு வட்டியால் மட்டுமா அமைகிறது? லாபத்தாலும் அல்லவா? அந்த லாபம் எங்கிருந்து வருகிறது?

திண்டுக்கல்–பழனி சாலையில் உள்ள ரெட்டியார்சத்திரத்திலிருந்து பார்ப்போம். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி அனுப்பும் வட்டாரம் இது. இங்கே தோட்டக் கூலிக்குச் செல்லும் குடும்பமும் அரிசியையும் எண்ணெயையும் கடையில்தான் வாங்குகிறது. சோற்றுச் செலவு ஏறினால் சோப்பும் பிஸ்கட்டும் குறையும். அவற்றை விற்கும் நிறுவனங்களின் பங்குகளே சந்தையில் உயர்ந்த விலையில் நின்றன. நடுத்தர வர்க்கம் சுருங்குவதாக நெஸ்லே இந்தியாவின் அன்றைய தலைவர் சுரேஷ் நாராயணன் 2024 அக்டோபரில் கவலைப்பட்டதும் இதனையொட்டியே. உணவைக் கழித்தவர்கள் தம் வாடிக்கையாளரையும் சேர்த்தே கழித்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு காட்சி மாறியது. 2025 அக்டோபரில் உணவு விலை முந்தைய ஆண்டைவிட 5 விழுக்காடு வீழ்ந்தது. மொத்தப் பணவீக்கம் 0.25 விழுக்காடாகியது. டிசம்பரில் ரெப்போ வட்டி 5.25 விழுக்காட்டுக்கு இறங்கியது. உணவைக் கழிக்கச் சொன்ன குரல் எதுவும் அப்போது நம் காதில் விழவில்லை. ஏறும்போது கழிக்க வேண்டியது, இறங்கும்போது மட்டும் எப்படிக் கணக்கில் சேர்ந்தது? அந்த இறக்கம் விளைவித்தவனின் வருமானத்திலும் விழுந்த அடி என்பதைப் பேசியவர்கள் எத்தனை பேர்?

பங்கு ஏறினால் வளர்ச்சி, கத்தரிக்காய் ஏறினால் இடையூறு என்னும் பார்வையைப் பொருளியல் என்று நாம் ஏற்பதற்கில்லை. அது ஒரு தரப்பின் விருப்பம், அவ்வளவே.