ஸ்டீயரிங்கை ஒடித்தால் 'கீச்' சத்தம் ஏன்?

கேள்வி: சின்ன வெங்காயம் ஏற்றும் மினி லாரியில், ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தால் 'கீச்' என்று சத்தம் வருகிறது. என்ன காரணம்?
- வாசகர், செட்டிகுளம், பெரம்பலூர் மாவட்டம்.

பதில்: பவர் ஸ்டீயரிங் பம்பை பெல்ட் சுழற்றும் வண்டிகளில், பெரும்பாலும் பெல்ட் வழுக்குவதே காரணம். ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது பம்புக்குச் சுமை கூடும். தளர்ந்த பெல்ட் இழுக்க முடியாமல் கீச்சிடும். அரியலூர்ப் பக்கம் ஓடும் வண்டிகளில் சுண்ணாம்புக்கல் தூசி படிந்தாலும் இப்படி ஆகலாம்.

இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, சூடு ஆறிய பிறகு பெல்ட்டைப் பாருங்கள். தளர்வு மட்டும் என்றால் இறுக்கினால் போதும். விரிசலோ, தேய்ந்த பளபளப்போ இருந்தால் மாற்றிவிடுங்கள். சத்தத்தை அடக்க சோப்பு, கிரீஸ் தடவாதீர்கள். கீச்சிடாமல் முனகினால், ஸ்டீயரிங் ஆயில் குறைந்திருக்கலாம்; கசிவைத் தேடுங்கள்.

பாரத்தோடு வளைவில் திரும்பும்போது பெல்ட் அறுந்தால், ஸ்டீயரிங் சட்டென்று கனத்துவிடும். அடுத்த லோடு ஏற்றும் முன்பே சரிசெய்யுங்கள்.