காலநிலைக்கு ஒரு பாடவேளை

பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் உத்தரவிட்டது. அதன்பின் பாடநூல்களில் பசுமைக்குடில் விளைவு இடம்பெற்றுவிட்டது. ஆனால், வரையறையை மனப்பாடம் செய்வதால் மட்டும் காலநிலை மாற்றம் புரிந்துவிடாது. முதலில் வானிலையையும் காலநிலையையும் பிரித்தறியக் கற்பிக்க வேண்டும்: இன்று பெய்த மழை வானிலை, 30 ஆண்டுகளின் சராசரி காலநிலை. இதைத் தொடங்க ஒரு மழைமானி போதும். பள்ளி முற்றத்தில் அதை வைத்து, தினமும் காலை 8.30 மணிக்குச் சேர்ந்திருக்கும் நீரை மில்லிமீட்டரில் அளந்து குறிக்கும் மாணவர்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையின் போக்கைத் தாங்களே கண்டறிவார்கள். அடுத்தது காரணம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரித்ததாலும் காடுகளை அழித்ததாலும் இன்று 420-ஐக் கடந்துவிட்டது. மூன்றாவது தீர்வு. பேரழிவுப் படங்களை மட்டும் காட்டினால் பிள்ளைகளிடம் அச்சமே மிஞ்சும். பிச்சாவரத்தின் அலையாத்தி மரங்கள் கரையைக் காப்பதையும், சேற்றில் கார்பனைச் சேர்த்து வைப்பதையும் நேரில் சொல்லிக்கொடுத்தால் செயல்படும் ஊக்கம் பிறக்கும். இந்தப் பாடத்துக்கு மதிப்பெண்ணைவிட நேரமே முக்கியம். வாரம் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கப் பள்ளிக் கல்வித்துறை முன்வர வேண்டும்.