உம்மாவின் நோய் மகளுக்கும் வருமா?

புற்றுநோய் என்ற சொல்லை ஒலுவில் பக்கத்தில் இன்னும் பலர் வாய் திறந்து சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்பார்கள். வீட்டில் குமர் இருந்தால் பயம் இரட்டிப்பாகும். உம்மாவுக்கு மார்பில் கட்டி என்று வெளியே தெரிந்தால் மகளைப் பெண் கேட்டு வருவார்களா? இந்த எண்ணத்தால் மாதக் கணக்கில் கட்டியை மறைத்து வைத்திருந்த தாய்மாரை என் வேலையில் கண்டிருக்கிறேன்.

அண்மையில் ஒரு மாதர் கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார்: "மிஸ், உம்மாக்கு வந்தா மகளுக்கும் வருமா?" இந்தக் கேள்வியோடு நீண்ட காலம் ஆய்வுகூடத்தில் உழைத்த ஒருவரை இம்மாதம் அறிமுகம் செய்கிறேன். அவர் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் மூலக்கூற்றுப் புற்றுநோயியல் துறைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் தங்கராஜன் ராஜ்குமார்.

அந்த நிலையமே ஒரு பெண்ணின் துயரத்தில் பிறந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய விடாமுயற்சியால் 1954இல் 12 கட்டில்களுடன் அது தொடங்கியது. அடுத்த ஆண்டு அங்கு வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021இல் மறையும் வரை அதை விட்டுப் பிரியவில்லை.

ராஜ்குமார் 1990களின் தொடக்கத்தில் லண்டனில் வில்லியம் கல்லிக் என்ற அறிஞருடன் சேர்ந்து, மார்பகப் புற்றுநோய்க் கலங்களை வளரத் தூண்டும் ஏற்பிகளை ஆராய்ந்தார். பின்னர் அடையாறில், ஒரே குடும்பத்தில் பலருக்குப் புற்றுநோய் வருவது ஏன் என்று தேடினார். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற பரம்பரை அலகுகள் 1994, 1995ஆம் ஆண்டுகளில் மேல்நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. பழுதடையும் மரபுப் பொருளைத் திருத்துவது அவற்றின் வேலை. அவையே பிறப்பிலேயே பழுதாக இருந்தால் மார்பகத்திலும் சூலகத்திலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். தென்னிந்தியக் குடும்பங்களில் இந்தப் பழுதுகளைத் தேடிய ஆய்வை ராஜ்குமார் குழுவினர் 2003இல் வெளியிட்டனர். டாக்டர் சாந்தாவும் அதில் பங்கெடுத்தார்.

இனி, அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான் பரம்பரையாக வருபவை. ஆகவே உம்மாவுக்கு வந்தது என்பதற்காக மகளை ஒதுக்குவது அறிவுக்குப் பொருந்தாது. பழுதான அலகு உள்ள குடும்பத்திலும் அது ஒரு பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு பாதிதான். இன்னொன்று, அது வாப்பா வழியாகவும் வரும். பெண்ணை மட்டும் குறை சொல்வோர் இதைக் கேட்க வேண்டும். ஆனால் பழுதைப் பெற்ற பெண்களில் 80 வயதுக்குள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழு பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரலாம். அதனால்தான் மறைப்பது ஆபத்து. முன்கூட்டியே தெரிந்தால் கவனமாகக் கண்காணிக்கலாம்.

அவருடைய மற்றொரு முயற்சி நிர்ப்பீடனம் பற்றியது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் திரும்பவும் வந்த பெண்களின் சொந்த இரத்தக் கலங்களை எடுத்து, எதிரியை அடையாளம் காட்டும் கலங்களாக ஆய்வுகூடத்தில் வளர்த்தார்கள். அவற்றுக்கு அந்தப் பெண்ணின் கட்டியிலிருந்தே பெற்ற பொருளைக் காட்டிப் பழக்கி, மீண்டும் உடலில் செலுத்தினார்கள். 2014இல் வெளியான அந்த முதற்கட்டச் சோதனை சிலரிடமே செய்யப்பட்டது. இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. நம் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடும் ஊசி வேறு. பப்பிலோமா வைரசைத் தடுக்கும் அந்த ஊசியை 2017 முதல் நம் நாட்டில் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு இலவசமாகப் போடுகிறார்கள். அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

சகோதரிகளே, உங்கள் குடும்பத்தில் உம்மா, சாச்சி, மூத்தம்மா, வாப்பாவின் சகோதரிமார் எவருக்காவது மார்பகத்திலோ சூலகத்திலோ புற்றுநோய் வந்திருந்தால், எந்த வயதில் வந்தது என்று விசாரித்துக் குறித்து வையுங்கள். 50 வயதுக்கு முன் வந்திருந்தால், அல்லது ஒரு பக்கத்தில் இரண்டு பேருக்கு வந்திருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மரபியல் ஆலோசனைக்கு அவர் வழி காட்டுவார். 35 வயதானதும் சுகவனிதையர் கிளினிக்குக்குச் செல்லுங்கள். குடும்ப நல உத்தியோகத்தரிடம் நாள் கேட்டுக்கொள்ளலாம். உம்மாமார் தம் வருத்தத்தை மகள்மாரிடம் மறைக்க வேண்டாம். அந்தத் தகவல்தான் மகளுக்குக் காவல்.