பழைய ஒலிபெருக்கியும் புதிய குரலும்

பழங்கருவியைச் செப்பனிடுதல் வேறு, மாற்றியமைத்தல் வேறு. 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பெண்டர் நிறுவனத்தார் ஆக்கிய 'பாஸ்மன்' என்னும் வால்வு ஒலிபெருக்கியைக் கிற்றார் இசைஞர் இன்றும் போற்றுவர். அதில் உலர்ந்துபோன மின்பகு கொள்ளளவிகளை மாற்றியே ஆகவேண்டும். இன்றேல் உறுமல் ஓயாது. மின்னிணைப்பை நீக்கிய பின்னரும் அவற்றில் 400 உவோற்றுக்கு மேல் தங்கியிருத்தல் கூடும். உயிரைப் போக்கவல்ல அம்மின்னேற்றத்தை முறைப்படி இறக்காது கைவைத்தல் தகாது. இது செப்பனிடுதல்.

1962இல் இலண்டனில் ஜிம் மாஷலின் கடையினர் இதே சுற்றைப் பின்பற்றி ஓர் ஒலிபெருக்கி செய்தனர். வேறு சில மாற்றங்களோடு, முதல் வால்வாகிய 12 ஏ.வை. 7க்குப் பதிலாகப் பெருக்கம் மிகுந்த ஈ.சீ.சீ. 83ஐ இட்டனர், முரட்டுக் குரலொன்று பிறந்தது. இவ்விரு வால்வுகளும் ஒரே தாங்கியிற் பொருந்துவன. விரும்பாவிடிற் பழையதை மீண்டும் இடலாம். தகட்டிற் புதிதாய் இட்ட துளையோ மாறாது. ஆதலின், பின்னர் நீக்கக்கூடிய மாற்றத்தையே செய்தல் நன்றென்போம்.