குளிர்வளித் தொழிலுக்குத் தமிழில் சான்று வேண்டும்

வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் சிற்றூர்களில் இன்று பால்கடைக்காரர்க்கும் மருந்துக்கடைக்காரர்க்கும் மீன் விற்பார்க்கும் குளிர்ப்பெட்டியின்றி நாள் நகர்வதில்லை. நீரிழிவு நோயர்க்குரிய ஊசிமருந்து அதனுள்தான் கெடாமல் இருக்கின்றது. கோடையில் அப்பெட்டி நின்றுபோமாயின், ஓடிவந்து இயக்கித் தருபவன் பெரும்பாலும் உள்ளூர் இளைஞனே. திருப்புளி, செம்புக்குழாய் வெட்டும் கருவி, பற்றவைக்கும் அனல்குழல், அழுத்தமானி எல்லாம் அவனிடம் உண்டு. தொழிலை அவன் ஏதோ ஒரு பட்டறையில் எடுபிடியாய்ச் சேர்ந்து கண்டு கற்றான். கற்றதற்குச் சான்று மட்டும் இல்லை.

சான்றில்லாமலே தொழில் நடக்கின்றதே, பின் அஃது எதற்கு என்பார் உளர். மின்கம்பி வேலைக்கு உரிமம் பெற்றாரே பொறுப்பேற்றல் வேண்டுமென்று சட்டம் உண்டு. குளிர்வளி நிரப்புவார்க்கோ இந்நாட்டில் அத்தகைய தனி உரிமம் இல்லை. அமெரிக்காவில் 1994 நவம்பர் முதல், தேர்வெழுதிச் சான்று பெறாதார் குளிர்வளிக் குழாயைத் திறத்தலே சட்டமீறல். இங்கு உள்ளவை, 1950-இல் நடுவணரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறியார்க்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் தரப்பெறும் ஈராண்டுப் பயிற்சியும் அதன் முடிவில் கிடைக்கும் தொழிற்சான்றும். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படியான தொழில்பழகுநர் பயிற்சியும். முன்னரே தொழிலறிந்தாரை ஆய்ந்து சான்றளிக்க 2015-இல் வந்த குறுகிய ஏற்பாடும் ஆகும். 2019-இல் வெளிவந்த இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், 2022-23-க்குள் நூறாயிரம் பேர்க்குப் பயிற்சியும் சான்றும் என்று இலக்குக் குறித்தது. இலக்குகள் தலைநகரில் எழுதப்படுகின்றன. எடுபிடியாய்க் கற்றவனை அவை தேடிவருவது எளிதன்று.

முன்னர் இஃது அத்துணைப் பெரிய குறையாகத் தோன்றவில்லை. ஆர்-22 என்னும் பழைய வளி எளிதில் தீப்பற்றாதது. ஓசோன் போர்வையைக் கெடுப்பதால் அது, 1987-ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின் வழி, உலகெங்கும் விலக்கப்பட்டு வருகின்றது. அதனிடத்தில் வந்துள்ள ஆர்-32 மெல்ல எரியும். ஆர்-290 என்பதோ புரொப்பேன். சமையல் உருளையில் அடைத்து வரும் எரிவளிக்கு நெருங்கிய உறவு. வீட்டுக் குளிர்ப்பெட்டிகள் பலவற்றில் இன்றுள்ள ஆர்-600ஏ-யும் தீப்பற்றுவதே. பழைய வளியோடு பழகிய கை, குழாயில் எஞ்சியதை வெளியேற்றாமல் அனல்குழலைக் கொளுத்துமாயின் என்னாகும்?

இன்னொன்றும் உண்டு. குழாயில் ஒழுக்கு உளதா என்று காண நைட்ரசனைத்தான் ஏற்றுதல் வேண்டும். பற்றவைக்கக் கொண்டுவந்த உயிர்வளி (ஆக்சிசன்) உருளை அருகில் இருக்கின்றதே என்று அதனை ஏற்றினால், கம்பிரசர் எனத் தொழிலாளர் வழங்கும் அமுக்கியினுள் இருக்கும் எண்ணெயோடு கூடி அது வெடிக்கும்; உயிரே போகும். இரண்டும் காற்றில் உள்ளவைதாமே என்று இளைஞன் எண்ணுவதில் வியப்பில்லை. பாடநூலில் இஃது ஒரு வரி. பட்டறையில் அவ்வரியைச் சொல்ல எவரும் இல்லாமலும் போகலாம்.

அவ்வரி எம்மொழியில் இருக்கின்றது? உருளையின்மேல் ஆங்கிலம்; பொறியின் முதுகில் ஒட்டிய தாளில் ஆங்கிலம்; பழுதுநீக்கும் கையேட்டிலும் பெரும்பாலும் ஆங்கிலமே. புதுச்சேரியிலோ 1965-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கிற்று. தொழிற்பயிற்சி நூல்களை ஆக்குதற்கென்று 1986-இல் நடுவணரசு நிறுவிய நிறுவனமும் சென்னைக் கிண்டியிலேயே உள்ளது. தமிழிலும் நூல்கள் வெளியிட்டுள்ளது. ஆதலின் தமிழில் இயலாது என்னும் சாக்குப்போக்கு இனி எடுபடாது. தொழிலாளர் எவரையும் கேளாமலே பாதி வேலையை முடித்துவிட்டனர். ‘கேஸ் அடித்தல்’ என்கின்றனர்; பெயர் ஆங்கிலமாயினும் வினை தமிழ். செம்பு, பற்று, ஒழுக்கு என்பன கன்னார் பட்டறையில் வழங்கிய சொற்களே.

பாகூர் கல்விக்குப் புதிய ஊர் அன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, அங்கிருந்த கல்வி நிலையத்திற்கு மூன்று ஊர்கள் விடப்பட்டதைக் கூறும். அங்கு ஓதப்பட்டது வடமொழிக் கல்வி. அச்செப்பேட்டைத் தட்டி எழுத்து வெட்டிய கைவினைஞனுக்கு அந்நிலையத்தில் இடம் இருந்திருக்குமா என்பது கேட்கத்தக்கது.

புதுவையரசு செய்யத்தக்கன பெருஞ்செலவின அல்ல. பகலில் உழைப்பார்க்கு வில்லியனூரிலும் பாகூரிலும் மாலைநேரப் பயிற்சி வேண்டும். தேர்வு செய்முறையாலும் வாய்மொழியாலும் தமிழில் நிகழ்தல் வேண்டும். பட்டறிவுக்குச் சான்று கேட்குமிடத்து, பெரிய நிறுவனத்தின் தாளையே எதிர்பாராமல், கொம்யூன் ஊராட்சி ஆய்ந்தளிக்கும் தாளையும் ஏற்கட்டும். குளிர்வளி உருளை விற்பார் தமிழ் எச்சரிக்கைத் தாள் ஒட்டாமல் விற்றல் ஆகாது என்று ஆணை பிறக்கட்டும். அத்தாளின் முதல் வரி, ஒழுக்குப் பார்க்க உயிர்வளியை ஏற்றாதே என்பதாக இருக்கட்டும்.