கருவியை வாங்கலாம், வரைபடத்தை யார் வரைவது?

வெளிநாட்டுக்கு சைக்கிளோடு கிளம்புகிற ஒரு கூட்டம் நம்மிடம் உருவாகிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆல்ப்ஸ் ஏறுகிறார்கள், டான்யூப் கரையோரமாக நாள்கணக்கில் மிதிக்கிறார்கள். டிக்கெட் போடுவதற்கு முன்பே பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும்: எந்த ஜிபிஎஸ் கருவி வாங்குவது? கார்மினா, வாஹூவா, ஹேமர்ஹெட்டா? தொடுதிரையா, பொத்தானா? இரவெல்லாம் இதே பேச்சு. எனக்கு இந்தப் பேச்சோடுதான் சண்டை. கேள்வியே தப்பு.

அந்தச் சின்னப் பெட்டி என்ன செய்கிறது? சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞையைப் பிடித்து, நீங்கள் நிற்கிற புள்ளியைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அவ்வளவுதான். அந்தப் புள்ளி சாலையா, சந்தா, படிக்கட்டா என்று அதற்குத் தெரியாது. சொல்வது வரைபடம். நான் மேலே சொன்ன மூன்று கம்பெனிகளின் கருவிகளும் சைக்கிள் வழி காட்ட நம்பியிருப்பது பெரும்பாலும் ஒரே மூலத்தை: 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். சம்பளம் வாங்காத லட்சக்கணக்கானோர் தங்கள் தெருவைத் தாங்களே வரைந்து சேர்த்தது.

நெதர்லாந்தில் சைக்கிள் பாதைச் சந்திப்புகளுக்கு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் இந்த வரைபடத்தில் ஏறியிருக்கிறது. ஆக, அங்கே நீங்கள் வழி தவறாமல் இருப்பது உங்கள் 40,000 ரூபாய் பெட்டியால் மட்டுமல்ல. ஏதோ ஒரு ஊர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரைந்ததால். ஓசிச் சோறு சாப்பிட்டுவிட்டு இலையைப் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்கு. சின்னமனூரிலிருந்து தென்பழனி வழியாக மேகமலை ஏறுகிற சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்து பலகை நட்டிருக்கிறார்கள். ஒருவர் அங்கே விழுந்து காலை உடைத்துக்கொண்டால் 108க்கு என்ன சொல்வார்? “மலையில ஒரு வளைவுகிட்ட” என்றா? பூப்பெயர் ஒவ்வொன்றும் ஒரு முகவரி. அது நம் கையில் இருக்கிற வரைபடத்தில் இருந்தாக வேண்டும். ஏற்றுவதற்கு ஒரு மதியம் போதும். கருவிக்கு விமர்சனம் எழுத மட்டும் நமக்கு நேரம் இருக்கிறது.

பெயர்க் குழப்பம் தனிக்கதை. ‘கூடலூர்’ என்றால் தேனியிலும் உண்டு, நீலகிரியிலும் உண்டு. ஆங்கிலத்தில் ‘கம்பம்’ என்று தேடினால் ஆந்திரத்திலும் அதே எழுத்துகளில் ஓர் ஊர். ஊர்க்காரருக்குத் தெரிகிற வித்தியாசம் பெட்டிக்குத் தெரிய வேண்டுமானால் யாராவது எழுதி வைக்க வேண்டும்.

வரைபடம் பொய் சொன்னால் என்ன ஆகும்? 2024 ஜனவரியில் நீலகிரிக் கூடலூரில் செல்பேசி மேப்பை நம்பிய ஒரு கார் படிக்கட்டில் சிக்கி நின்றது. சிரித்தோம். அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, பாதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்திலிருந்து கார் ராம்கங்கா ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அதுவும் மேப்பை நம்பிப் போன கார் என்றே செய்திகள் சொல்லின. செயற்கைக்கோளில் பிழை இல்லை. தரையில் நடந்த மாற்றத்தை வரைபடத்துக்குச் சொல்ல ஆள் இல்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, இலக்கியக் கூட்டம். “தொலைந்து போவதுதான் பயணம் பாஸ்” என்பார்கள். 2018 மார்ச் 11 அன்று இதே தேனி மாவட்டத்தில், குரங்கணி மலையில், காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். மேப் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. காட்டில் தப்பிக்கிற வழி தெரியாமல் நிற்பது கவிதை இல்லை என்கிறேன்.

“எல்லாப் பாதையையும் வரைந்துவிட்டால் காடு கெட்டுப்போகாதா?” நியாயமான கேள்வி. மேகமலை 2021இல் புலிகள் காப்பகத்தின் பகுதியானது. எஸ்டேட் வழிகள் பல தனியார் நிலம். ஆனால் வரைபடத்தில் பாதையோடு சேர்த்து ‘அனுமதி இல்லை’ என்றும் குறிக்கலாம். அதற்கென்றே குறியீடு உண்டு. அந்தக் குறி இல்லாத வெறும் கோடுதான் புதிதாக வருகிறவனை உள்ளே இழுக்கிறது. ஊர்க்காரர் வரையாவிட்டால் வெளியூர்க்காரனின் சைக்கிள் தடம் அரைகுறையாக ஏறிவிடும். சட்டத்தைச் சாக்கு சொல்லவும் முடியாது: 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள், சில பாதுகாப்பு விஷயங்கள் நீங்கலாக, முன் அனுமதி இல்லாமலே இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க வழிவிட்டுவிட்டன.

கருவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்குங்கள், ஆனால் சரியான கேள்வி கேட்டு வாங்குங்கள். போகிற நாட்டின் வரைபடத்தை இணையம் இல்லாமல் உள்ளே வைத்துக்கொள்ள முடியுமா? கோட்டை மட்டும் காட்டுமா, வழி தவறினால் புது வழியும் போடுமா? மலிவானவை பல கோட்டோடு நின்றுவிடும். மழையிலும் கையுறையிலும் பொத்தான் கைகொடுக்கும், தொடுதிரை தடுமாறும். தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா என்றும் பாருங்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி *அனுப்புகிற* கருவி வேறு ஜாதி; அதை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். வெளிநாட்டுப் பயணிகள் சிலர் அப்படிச் சிக்கியும் இருக்கிறார்கள்.

அப்புறம், ஆல்ப்ஸ் போவதற்கு முன்னால் அதே பெட்டியோடு ஒருமுறை மேகமலை ஏறுங்கள். செல்பேசி சிக்னல் போனபிறகுதான் கருவியின் யோக்கியதை தெரியும். விட்டுப்போன தெருவை, தண்ணீர் கிடைக்கிற இடத்தை, பூப்பெயர் போட்ட வளைவை வீடு திரும்பியதும் வரைந்து சேருங்கள். ஊரான் வரைந்த மேப்பில் உலகம் சுற்றுகிறவர்கள், சொந்த ஊரை வெள்ளைத் தாளாக விட்டுவைப்பது வெட்கக்கேடு.